இலையுதிர் காலத்துக்கு ஏற்ற இனிப்பு: மரவள்ளிக் கேக் சுடும் முறை

மாசி, பங்குனி மாதங்களில் கித்தா நிரைகளுக்கு இடையே நடப்போர் காலடியில் காய்ந்த இலைகள் சரசரப்பதைக் கேட்பர். பச்சைக் குடைபோல் நின்ற மரங்கள் செம்மையும் மஞ்சளும் கலந்த நிறம் பெற்று, ஒரு சில வாரங்களில் வெறுங் கிளைகளாய் நிற்கும். கோலசிலாங்கூர் வட்டாரத்திலும், அதனை அடுத்த உலு சிலாங்கூர், சபாக் பெர்ணாம் பகுதிகளிலும் இக்காட்சியைக் காணாத தோட்டப் பாட்டாளி இலர். ஆண்டெல்லாம் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில், இலையுதிர் காலம் என்று ஒன்று உண்டென்றால் அதைக் காட்டுவது கித்தா மரமே ஆகும்.

குளிர் நாடுகளில் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதங்களே இலையுதிர் காலம். அப்போது அங்கே ஆப்பிள் பழங்கள் அறுவடையாகின்றன. அந்நாட்டுக் குடியானவர்களின் இல்லங்களில் ஆப்பிளை நறுக்கித் தட்டில் பரப்பி, மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் பிசறி மேலே தூவி, அடுப்பில் சுட்டு உண்பது பழைய வழக்கம். அச்சும் அலங்காரமும் வேண்டாத எளிய இனிப்பு அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் உணவுப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. மாவும் வெண்ணெயும் குறைந்த அளவே கிடைத்த அந்நாளில் இவ்வகை இனிப்பு பெரிதும் கைகொடுத்தது என்பர்.

நம் தோட்டங்களில் ஆப்பிள் விளைவதில்லை. ஆயினும், நமது இலையுதிர் காலத்துக்கும் ஓர் எளிய இனிப்பு உண்டு. வீட்டுப் புறத்தில் விளையும் மரவள்ளிக்கிழங்கும், வாழைப்பழமும், தேங்காயும் கொண்டு கரி நெருப்பில் சுடப்படும் கேக் அது. நம் மலாய்ச் சகோதரர்கள் இதனைப் 'பிங்கா ஊபி' என வழங்குவர். இவ்விதழில் அதனைச் சுடும் முறையையும், அதற்கு முன்னர் அறிந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு விதிகளையும் பாடமாகத் தருகின்றோம்.

இலை உதிர்வதும் வருமானம் குறைவதும்

கித்தா மரம் இலையுதிர்ப்பது நோயன்று. வறட்சி தொடங்கும் காலத்தில் நீர்ச் செலவைக் குறைத்துக்கொள்ள மரம் தன் பழைய இலைகளைக் கழிக்கின்றது. தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில் இது பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் நிகழும். அடுத்துச் செப்பு நிறத்தில் தளிர்கள் தோன்றிச் சில வாரங்களில் முற்றிப் பச்சையாகின்றன. இத்தளிர்களை வளர்ப்பதற்கு மரம் தன்னுள் சேமித்து வைத்த உணவைச் செலவிடுகின்றது. ஆகவேதான் அக்காலத்தில் பால் குறைகின்றது. அப்போது கடுமையாக வெட்டினால் மரத்தின் நலம் கெடும். பல தோட்டங்களில் தளிர் முற்றும் வரை வெட்டு நிறுத்தப்படுவதற்குக் காரணம் இதுவே.

மரத்துக்கு ஓய்வு கிடைக்கும் காலம் வெட்டுபவரின் குடும்பத்துக்கு நெருக்கடிக் காலமாக அமைவதை நாம் அறிவோம். நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் 2013 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆம் ஆண்டில் அவ்வூதியம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. எனினும், கூடுதல் பாலுக்கும் ஒட்டுப்பாலுக்கும் கிடைக்கும் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டிருக்கும் குடும்பத்தில் அந்தப் பணம் நின்றதும் முதலில் வெட்டப்படுவது பிள்ளைகளின் தின்பண்டச் செலவேயாகும். கடையில் வாங்கும் கேக்கும் பிஸ்கட்டும் குறைந்தால் குறையட்டும், அதனால் இழப்பில்லை. ஆனால், பள்ளிவிட்டு வரும் பிள்ளை மாலையில் வெறும் தேநீருடன் இருந்துவிடலாகாது.

இரு மரங்களும் ஒரே குடும்பம்

கித்தாவுக்கும் மரவள்ளிக்கும் உள்ள உறவு பலர் அறியாதது. இரண்டும் தாவர நூலார் கூறும் ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் தாயகமும் தென் அமெரிக்காவே. மரவள்ளியின் தண்டைக் கீறினாலும் வெண்மையான பால் கசிவதைக் காணலாம்.

கித்தா விதைகள் 1876 ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் என்பவரால் லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கு முளைத்த நாற்றுகளில் 22, 1877 ஆம் ஆண்டில் சிங்கப்பூரை வந்தடைந்தன. மரவள்ளியோ அதற்கு நெடுங்காலம் முன்னரே போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் பரவிவிட்டது. 19 ஆம் நூற்றாண்டில் மலாக்கா வட்டாரத்தில் சீன முதலாளிகள் மாவுக்காக இதனைப் பெருந்தோட்டமாகவே பயிரிட்டனர். அதே நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, மக்கள் பசி தீர இதனைப் பயிரிடும்படி ஊக்கினார். தமிழ்நாட்டின் சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசித் தொழில் தோன்றியதும் இக்கிழங்கினாலேயே. 1940களில் போர் மூண்டு தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஜவ்வரிசி வருவது தடைப்பட்டபோது அத்தொழில் அங்கே வேரூன்றியது.

கோலசிலாங்கூர் வட்டாரமும் பயிர்கள் பல கண்ட மண் ஆகும். 2007 ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் பெற்ற பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917 ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வணிக முறை எண்ணெய்ப்பனைப் பயிர் தொடங்கப்பட்டது. அத்தோட்டத்தின் பெயரே தமிழாக இருப்பது அங்கு உழைத்தவர் யார் என்பதைக் காட்டும். இன்று இவ்வட்டாரத்தின் பெரும்பகுதியில் எண்ணெய்ப்பனையே நிற்கின்றது. எனினும், தென்னை, கித்தா, எண்ணெய்ப்பனை என முதன்மைப் பயிர் எதுவாக இருந்தாலும், லயத்தின் பின்புறத்தில் மரவள்ளி மட்டும் மாறாமல் இருந்து வந்துள்ளது.

பசி தீர்த்த கிழங்கு

மரவள்ளி என்றதும் நம் முதியோர் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கின்றோம். அவர்களை நாம் குறை கூறுதல் தகாது. 1942 ஆம் ஆண்டு ஜனவரி 11 ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைக்கு வந்தது. 1945 ஆம் ஆண்டு வரை நீடித்த அவ்வாட்சியில் வெளிநாட்டு அரிசி வரத்துக் குன்றியது. கித்தா வாங்குவார் இன்றித் தோட்டங்கள் முடங்கின. தோட்டத்துத் தமிழர் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சியிருந்த தாய்மாரும் பிள்ளைகளும் காலை, நண்பகல், இரவு என முப்பொழுதும் மரவள்ளியையே அவித்து உண்டு உயிர் தாங்கினர்.

உயிரைக் காத்த அக்கிழங்கினால் உடலை முழுமையாகக் காக்க இயலவில்லை. மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. புரதச்சத்தோ மிகக் குறைவு. 100 கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 160 கலோரி உள்ளது. புரதமோ ஒன்றரைக் கிராம் அளவினும் குறைவே. வேறு துணை உணவின்றி அதனை மட்டுமே உண்டோர் சத்துக் குறைவு நோய்களுக்கு ஆளாயினர்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றது. ஒன்று, மரவள்ளியை ஏழ்மையின் அடையாளமாகக் கருதி வெட்கப்படுவது தவறு. நம் பாட்டன் பாட்டியரின் உயிரைக் காத்த பொருள் மதிப்புக்குரியதேயாகும். மற்றொன்று, அது தனியுணவாகாது; முட்டை, மீன், பருப்பு, கச்சான் முதலியவை அதனோடு சேர வேண்டும்.

நஞ்சை நீக்கும் முறை

செய்முறைக்குச் செல்லும் முன் தாய்மார்கள் இப்பகுதியை ஊன்றிப் படிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

மரவள்ளியின் எல்லா உறுப்புகளிலும் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கை நறுக்கும்போதோ துருவும்போதோ அதன் உயிரணுக்கள் உடைகின்றன. அப்போது கிழங்கிலேயே உள்ள நொதியம் ஒன்று லினமாரினோடு கலந்து அதனைச் சிதைக்கின்றது. அதிலிருந்து சையனைடு நஞ்சு வெளிப்படுகின்றது. நஞ்சு வெளிப்படுவது அச்சம் தருவதாகத் தோன்றினும், உண்மையில் அதுவே நமக்கு வழியும் ஆகும். ஏனெனில், வெளிப்பட்ட நஞ்சு நீரில் கரையக்கூடியது. காற்றிலும் எளிதில் கலந்து போய்விடும். துருவாமலும் பிழியாமலும் பெரிய துண்டாக நெருப்பில் சுட்டால், வெப்பத்தால் நொதியம் செயலிழந்து, லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே, கேக்குக்குரிய கிழங்கை நன்றாகத் துருவி, நீர்விட்டுப் பிழிந்து, அந்நீரைக் கொட்டிவிடுவது கட்டாயம்.

கிழங்கின் வகையும் கருத வேண்டியதாகும். கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறைவான சையனைடு உடையதே இனிப்பு வகை என அனைத்துலக உணவுத் தர விதி வரையறுத்துள்ளது. நம் நாட்டில் மேடான் போன்றவை உண்பதற்குரியவை. மாவு ஆலைக்கென வளர்க்கப்படும் வகைகளை வீட்டில் சமைத்தலாகாது. எங்கிருந்து வந்த தண்டு என அறியாத செடியின் கிழங்கைத் தவிர்க்க வேண்டும். சமைத்த கிழங்கு கசந்தால், வீணாகிறதே என எண்ணாமல் எறிந்துவிட வேண்டும்.

கிழங்கைத் தோண்டிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுவது நன்று. இரண்டு மூன்று நாள் சென்றால் உட்பகுதியில் நீலமும் கருமையும் கலந்த கோடுகள் ஓடும். அது கெடத் தொடங்கியதன் அறிகுறி.

மரவள்ளி உண்டபின் தலைச்சுற்றல், வாந்தி, தலைவலி, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறு பிள்ளைகளின் உடல் எடை குறைவாதலால் அவர்களுக்கு ஆபத்து அதிகம்.

வேண்டிய பொருள்கள்

தோலுடன் கூடிய மரவள்ளிக்கிழங்கு 1 கிலோ 300 கிராம். தோல் நீக்கியபின் ஏறத்தாழ 1 கிலோ நிற்கும். ஒரு பெரிய தேங்காயிலிருந்து எடுத்த கெட்டிப்பால் 400 மில்லிலிட்டர். தென்னஞ் சர்க்கரையாகிய குலா மலாக்கா 200 கிராம். கோழிமுட்டை 2. நன்கு பழுத்த வாழைப்பழம் 2. பாண்டான் இலை 2. உப்பு அரைத் தேக்கரண்டி. தட்டில் தடவச் சிறிது எண்ணெய். தட்டின் அடியில் விரிக்க வாழையிலை ஒன்று.

சுடும் தட்டு 22 சென்டிமீட்டர் சதுரமாக இருப்பின் இவ்வளவு பொருளுக்குச் சரியாகும். கேக் தட்டு இல்லாதவர் பீங்கான் பூச்சுள்ள தட்டையோ, உட்புறம் வண்ணம் பூசப்படாத தூய பிஸ்கட் டின்னையோ கொள்ளலாம். தோட்டத்தில் களைக்கொல்லி, உரம், பால் உறையவைக்கும் திராவகம் ஆகியவை இருந்த பாத்திரங்களை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தலாகாது. பராகுவாட் களைக்கொல்லி 2020 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும், பழைய கலன்கள் இன்னும் எங்கேனும் கிடக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள்.

செய்முறை

முதலாவதாக, கிழங்கின் பழுப்புத் தோலோடு அதன் கீழுள்ள தடித்த உள்தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும். நஞ்சு மிகுதியாக இருப்பது அவ்வுள்தோலில்தான். நடுவிலுள்ள நாரையும் நீக்கிக் கிழங்கை இரண்டு மூன்று முறை கழுவுங்கள்.

இரண்டாவதாக, கிழங்கை மெல்லியதாகத் துருவுங்கள். துருவலில் இரண்டு குவளை தூய நீர் விட்டுப் பிசைந்து, மூடாமல் அரைமணி நேரம் வைத்திருங்கள். பின்னர்த் தூய துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தில் பிழியுங்கள். மீண்டும் ஒருமுறை நீர்விட்டுப் பிழியுங்கள். பிழிந்த நீரை இருபது நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் வெண்மையான மாவு படியும். மேல்நீரைக் கொட்டிவிட்டு, படிந்த மாவை மட்டும் துருவலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். கேக் துண்டு துண்டாக உதிராமல் ஒட்டி நிற்பதற்கு இம்மாவே உதவுகின்றது.

மூன்றாவதாக, தேங்காய்ப்பாலில் குலா மலாக்காவைச் சீவிப் போட்டு, பாண்டான் இலையை முடிந்து இட்டு, சிறு நெருப்பில் கிளறுங்கள். சர்க்கரை கரைந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பால் திரிந்து எண்ணெய் பிரியும். இறக்கியபின் வடிகட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே முட்டையைச் சேர்த்தால் முட்டை வெந்து திரளும்.

நான்காவதாக, ஆறிய பாலில் முட்டைகளை அடித்து ஊற்றி, உப்பிட்டு, கிழங்குத் துருவலையும் சேர்த்துக் கலக்குங்கள். கலவை தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கும். வாழையிலையை நெருப்பில் வாட்டித் தட்டில் விரித்து, எண்ணெய் தடவி, கலவையை ஊற்றுங்கள். வாழைப்பழத்தை வட்ட வட்டமாக நறுக்கி மேலே பரப்புங்கள். மேலைநாட்டு இனிப்பில் ஆப்பிள் செய்யும் வேலையை இங்கே வாழைப்பழம் செய்கின்றது. சூட்டில் அதன் மேற்புறம் பொன்னிறமாகி இனிமை கூடும்.

ஐந்தாவது நிலை சுடுதலாகும். மின் அடுப்பு உள்ளவர்கள் 180 பாகை செல்சியஸ் சூட்டில் 50 முதல் 60 நிமிடம் வைத்தால் போதும்.

கரி நெருப்பில் சுடுதல்

அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. மலாய்க் கம்பங்களில் பஹுலு என்னும் முட்டைப் பணியாரத்தைச் சுடுவோர் மேலும் கீழும் தணல் இட்டுச் சுடும் பழைய முறையைக் கையாண்டு வந்துள்ளனர். அதே முறை இதற்கும் பொருந்தும்.

கரி அடுப்பின்மீது ஆழமான இரும்புச் சட்டியை வைத்து, அதில் இரண்டு விரற்கடை உயரம் உலர்ந்த தூய மணலைப் பரப்புங்கள். மணல்மேல் சமமான மூன்று சிறு கற்களை வைத்து, அவற்றின்மீது கேக் தட்டை அமர்த்துங்கள். சட்டியை இரும்புத் தகட்டினால் மூடி, அதன்மேல் தணலைப் பரப்புங்கள். நெருப்பை மூன்று பங்காகக் கொண்டால் ஒரு பங்கு கீழும், இரண்டு பங்கு மேலும் இருக்க வேண்டும். கீழிருக்கும் சூடு சட்டி, மணல், கல் வழியாக நேரே தட்டின் அடியைச் சேரும். மேலிருக்கும் சூடோ இடைவெளியைக் கடந்து வர வேண்டும். இதனாலேயே மேலே தணல் மிகுதியாக வேண்டும்.

நாம் முதன்முதலில் இதனைச் சுட்டபோது இவ்வுண்மையை அறியாமல் மேலும் கீழும் ஒரே அளவு நெருப்பிட்டோம். முக்கால் மணி நேரத்தில் அடிப்பகுதி கரிந்துவிட்டது. நடுப்பகுதியோ கஞ்சிபோல் இருந்தது. கரிந்ததைச் சீவி எறிந்துவிட்டு எஞ்சியதை ஆவியில் வேகவைத்து உண்டோம். மறுமுறை நெருப்பைப் பங்கிட்டு வைத்தபின் குறை நீங்கியது.

சூடு போதுமா என்றறிய எளிய வழி ஒன்று உண்டு. தட்டை வைக்கும் முன்னர்ச் சிறு தகட்டில் ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவிச் சட்டிக்குள் வைத்து மூடுங்கள். நான்கு ஐந்து நிமிடத்தில் மாவு இளம்பழுப்பானால் சூடு சரி. உடனே கருகினால் தணலைக் குறையுங்கள். நிறம் மாறாவிட்டால் தணலைக் கூட்டுங்கள்.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கேக் வெந்துவிடும். மெல்லிய மூங்கில் குச்சியை நடுவில் குத்தி எடுத்தால் பச்சை மாவு ஒட்டாதிருக்க வேண்டும். வெந்ததும் ஆவலால் உடனே வெட்டிவிடாதீர்கள். மரவள்ளி மாவு ஆறும்போதுதான் இறுகும். இரண்டு மணி நேரம் கழித்து வெட்டினால் துண்டுகள் நேர்த்தியாக வரும்.

கரி அடுப்பை ஒருபோதும் கதவும் சன்னலும் அடைத்த அறையில் மூட்டலாகாது. கரிப்புகையில் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உண்டு. அது உறங்குவோரின் உயிரையும் கவர்ந்துவிடும். திறந்த வெளியில், பிள்ளைகள் ஓடியாடும் வழியினின்று விலகி அடுப்பை வையுங்கள்.

எவ்வளவு உண்ணலாம்

இவ்வளவு பொருளில் 24 துண்டுகள் வரும். ஒரு துண்டில் ஏறத்தாழ 150 கலோரியும், சேர்த்த சர்க்கரை 8 கிராமும் இருக்கும். நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்கு மேற்படலாகாது என்றும், 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நன்று என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. ஆகவேதான் பலர் 300 கிராமும் அதற்கு மேலும் இடும் குலா மலாக்காவை நாம் 200 கிராமாகக் குறைத்துள்ளோம். வாழைப்பழம் நன்கு பழுத்திருந்தால் இனிப்புக் குறைந்ததாகத் தோன்றாது.

2019 ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியரிடையே அந்நோய் மற்றவரைவிட மிகுதி. இனிப்பு வீட்டில் செய்யப்பட்டது என்பதாலோ, குலா மலாக்கா இயற்கையானது என்பதாலோ நீரிழிவு உடையவருக்கு அது தீங்கற்றதாகிவிடாது. அத்தகையோர் மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளைக்கு மாலையில் ஒரு துண்டு கேக்கும், அதனுடன் ஒரு கைப்பிடி அவித்த கச்சானும் கொடுத்தால் மாவுச்சத்தும் புரதமும் ஒருங்கே சேரும்.

தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டமாதலால் வெளியில் ஒரு நாளுக்கு மேல் வைத்தலாகாது. குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் வரை வைத்து, உண்ணும்போது தோசைக்கல்லில் சுடவைத்துக் கொள்ளலாம்.

அடுத்த இலையுதிர் காலத்துக்கு இன்றே நடுவோம்

உண்பதற்குரிய மரவள்ளி வகைகள் நட்ட எட்டு முதல் பத்து மாதங்களில் தோண்டுவதற்கு ஏற்றவையாகும். எனவே, மரம் மீண்டும் தளிர்த்து மழை தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில் நட்டால், அடுத்த இலையுதிர் காலம் வரும்போது கிழங்கு முற்றியிருக்கும். வருமானம் குறையும் திங்களில் வீட்டுப்புறம் விளைச்சல் தரும்.

முற்றிய தண்டை 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு மீட்டர் இடைவெளியில் நடுங்கள். கடலோரப் பகுதியாகிய கோலசிலாங்கூர், ஜெராம் பக்கங்களில் மண் களிமண்ணாதலால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அங்கே முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டி நடுதல் வேண்டும். உலு சிலாங்கூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் மண்ணைக் கொத்தி இளக்கித் தழையுரம் இட்டால் போதும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. கித்தா மரங்களைத் தாக்கும் வெண்வேர் நோய்க்கு மரவள்ளியும் இடம் கொடுக்கும். அந்நோய் மரவள்ளியின் வேரில் தங்கிக் கித்தா வேருக்குப் பரவக்கூடும். ஆகவே, கித்தா நிரைகளின் நடுவிலோ ஓரத்திலோ இதனை நடாமல், நிருவாகத்தின் இசைவு பெற்று வீட்டுப் புறத்தில் மட்டும் நடுங்கள். நம் பிழைப்புக்கு ஆதாரமான மரத்தைக் கெடுத்துவிட்டு ஒரு கிழங்கைத் தோண்டுவதில் பயனில்லை.

முடிவாக

இக்கேக்கு மலாய் அண்டை வீட்டாரின் கைப்பக்குவம். அதற்குரிய கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதனை லயத்துப் புறத்தில் வளர்த்துப் பாதுகாத்தவர்கள் நம் முன்னோர். ஒரு தட்டில் இத்தனை பேரின் உழைப்பு ஒன்றுசேர்வதே நம் நாட்டின் இயல்பு. 24 துண்டுகளில் நான்கைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். திரும்பி வரும் தட்டு பெரும்பாலும் வெறுந்தட்டாக வராது.

போர்க்காலத்தை நினைவில் தாங்கிய முதியவர் வீட்டில் இருப்பாராயின் முதல் துண்டை அவருக்குக் கொடுங்கள். பசிக்காகக் கண்ணீரோடு உண்ட கிழங்கை, பேரப்பிள்ளைகள் சூழ அமர்ந்து இனிப்பாக உண்ணும் காலம் வந்ததென அவர் அறியட்டும். அந்நாளில் நடந்தவற்றை அவர் வாய்மொழியாகப் பிள்ளைகள் கேட்கட்டும். வெளியே இலை உதிர்ந்துகொண்டிருக்கும் அம்மாலைப் பொழுது, கதை கேட்பதற்கும் ஏற்ற காலமேயாகும்.